35-இல் உட்காராத ஜிர்கோனியா பிரிட்ஜ்: மறுபடி செய்து தரக் கோரிப் புகார்

பெறுநர்:
தரப் பிரிவு மேலாளர் அவர்கள்,
டிஜிட்டல் டெண்டல் லேப்.

பொருள்: கீழ்த்தாடை முழு பிரிட்ஜ், 4 இம்பிளாண்ட் (எலும்பில் பதித்த செயற்கை வேர்; பல் இட எண்கள் 35, 32, 42, 45), மல்டி-யூனிட் அபட்மெண்ட் (இம்பிளாண்டுக்கும் பிரிட்ஜுக்கும் இடைப்பட்ட இணைப்புத் துண்டு) மட்டத்தில் ஸ்குரூ.

ஐயா,

நாங்கள் வாயில் எடுத்து அனுப்பிய டிஜிட்டல் ஸ்கேனைக் கொண்டு, ஜிர்கோனியா என்ற கடினப் பீங்கானில் நீங்கள் செய்த பிரிட்ஜை வாயில் வைத்து 45-இன் ஸ்குரூவை மட்டும் முடுக்கிப் பார்த்ததில் 42, 32 இரண்டும் சரியாக உட்கார்ந்தன. 35-இல் இடைவெளி. இம்பிளாண்டின் நீள அச்சுக்குச் செங்குத்தாகக் கதிர் விழும்படி எடுத்த எக்ஸ்ரேயை இணைத்துள்ளோம். நான்கு ஸ்குரூவையும் 15 நியூட்டன் சென்டிமீட்டருக்கு முடுக்கினால் இடைவெளி கண்ணுக்கு மறைந்துவிடும்; இழுவிசை மறையாது. இயற்கைப் பல்லுக்கு ஓரளவு நெகிழ்ந்து கொடுக்கும் தசைநார் உண்டு. இம்பிளாண்டுக்கு அது இல்லாததால் ஸ்குரூ தளரும், உடையும், ஜிர்கோனியா விரிசல் விடும்.

"எங்கள் மாடலில் கச்சிதமாக இருக்கிறது, ஸ்கேன்தான் பிழை" என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். அந்த மாடலை அச்சடித்தது எந்தக் கோப்பிலிருந்து? பிரிட்ஜை வடிவமைத்த அதே கோப்பிலிருந்துதான். அனலாக் (மாடலில் இம்பிளாண்டுக்குப் பதில் நிற்கும் துண்டு) தவறான இடத்தில் நின்றால் பிரிட்ஜும் அதே தவறோடு அதில் அழகாகப் பொருந்தத்தான் செய்யும். பிரிட்ஜின் அடியில் ஒட்டும் டைட்டானியம் பேஸ்களையும் அந்த மாடலில் வைத்தே ஒட்டியிருக்கிறீர்கள்.

உங்கள் வடிவமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தோம். 45, 42, 32-இல் லைப்ரரி ஸ்கேன் பாடி (ஸ்கேனில் இம்பிளாண்டின் இடத்தைக் காட்ட அதன்மேல் பொருத்தும் துண்டின் கணினி வடிவம்) எங்கள் ஸ்கேனோடு ஒன்றிப் படிந்திருக்கிறது. 35-இல் மட்டும் மேலே தூக்கி நிற்கிறது. எங்கள் ஸ்கேன் கோப்பில் (எஸ்டிஎல்) அந்த ஸ்கேன் பாடியின் தட்டை முகமும் உச்சியும் ஓட்டையில்லாமல் பதிவாகியுள்ளன. பொருத்தும் கட்டத்தில் யாரும் சரிபார்க்கவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை.

பல்லில்லாத தாடையில் ஸ்கேன் தடுமாறும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஈரமான, வழுவழுப்பான ஈறில் கேமராவுக்குப் பிடிமானம் குறைவு. படங்களை ஒன்றோடொன்று கோக்கும்போது பிழை சேர்ந்துகொண்டே போகும். ஓரிரு பல்லுக்குப் பிரச்சினை இல்லை, முழு வளைவுக்கு நம்பிவிட முடியாது. அதனால்தான் மில்லிங்குக்கு (இயந்திரத்தில் கடைந்தெடுப்பதற்கு) முன் சரிபார்ப்பு ஜிக் (இம்பிளாண்ட் நிலைகளை வாயில் வைத்துச் சரிபார்க்கும் சோதனைச் சட்டம்) வேண்டும் என்று ஜாப் சீட்டிலேயே எழுதியிருந்தோம். அது வரவே இல்லை.

இப்போது பழைய முறையில் ஓபன் ட்ரே (மேலே திறப்புள்ள தட்டு) அளவு எடுத்திருக்கிறோம். அளவெடுக்க இம்பிளாண்டுகளில் மாட்டும் கோப்பிங்குகளைப் பேட்டர்ன் ரெசின் என்ற பிசினால் இணைத்து, ரெசின் சுருக்கம் அளவைக் கெடுக்காதபடி மெல்லிய டிஸ்க்கால் இடையில் வெட்டி, வாயிலேயே மறுபடி ஒட்டி, பாலிஈதர் என்ற அளவுப் பசையில் எடுத்து, டைப் 4 ஸ்டோனில் (கடின ஜிப்சத்தில்) வார்த்தது. அந்த மாடலிலும் உங்கள் பிரிட்ஜ் 35-இல்தான் தூக்குகிறது. உலோகச் சட்டமாக இருந்தால் வெட்டி சால்டர் செய்திருக்கலாம். ஜிர்கோனியாவில் அதற்கும் வழியில்லை.

ஆகவே பிரிட்ஜைக் கட்டணமின்றிப் புதிதாகச் செய்து தர வேண்டும். ஸ்டோன் மாடலை அனுப்புகிறோம். டைட்டானியம் பேஸ்களை அதில் வைத்தே ஒட்டுங்கள். முதலில் ஜிக் வரட்டும், வாயில் ஒற்றை ஸ்குரூ சோதனையில் தேறினால் மட்டுமே மில்லிங் செய்யச் சொல்வோம். "ரீமேக் கட்டணம்" என்று அனுப்பிய பில்லை ரத்து செய்து, எழுத்துமூலம் பதில் தரவும்.

இப்படிக்கு,
பல் மருத்துவமனை நிர்வாகம்

இணைப்பு: எக்ஸ்ரே, ஜாப் சீட்டு நகல், 35-இன் கோப்புப் படம்.