ஃபுரானோவுக்குப் புறப்படும் நம் ஊர்ப் புகைப்படக்காரர்களுக்கு

கேமரன் மலையின் ரிங்லெட் வட்டாரப் புகைப்பட ஆர்வலர்களுக்கு வணக்கம்.

வரும் ஜூலையில் ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்காய்டோவில் இருக்கும் ஃபுரானோ பகுதிக்குப் போய், பூத்துக்கிடக்கும் லாவெண்டர் வயல்களைப் படம்பிடித்துவந்து நம் ஊர் மண்டபத்தில் கண்காட்சி வைக்கப்போகிறீர்கள் என்று அறிந்தேன். மனம் நிறைந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள் என்ற உரிமையோடு உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

நீங்கள் போகவிருக்கும் ஃபுரானோ பகுதியின் நாகாஃபுரானோ ஊரில் தொமிதா பண்ணை 1958-இல் லாவெண்டர் பயிரிடத் தொடங்கியது. 1970களில் செயற்கை நறுமணப் பொருட்கள் மலிவாக வந்து குவிய, லாவெண்டர் பூவிலிருந்து எடுக்கும் எண்ணெயின் விலை சரிந்தது. பலர் வயலை உழுது அழித்தார்கள். 1976-இல் ஜப்பான் ரயில்வே நாட்காட்டியில் அந்தப் பண்ணையின் படம் ஒன்று வந்தது. அதைப் பார்த்துப் படக்காரர்களும் பயணிகளும் தேடி வரத் தொடங்கினார்கள், பண்ணை பிழைத்தது. ஒரே ஒரு படம்!

எங்கள் வீட்டிலும் ஒரு பழைய நாட்காட்டி இருக்கிறது. அதில் கூடை சுமந்து, குனிந்து கொழுந்து எடுப்பவர் என் அம்மா. எடுத்தது யார் என்றுகூட அவருக்குத் தெரியாது. படத்தின் கீழே மலையின் பெயர் இருக்கிறது, அம்மாவின் பெயர் இல்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றிருப்பேனே" என்று இன்றும் சொல்வார். அந்தக் குறை எனக்கு ஆறவே இல்லை.

ஆகவே, அங்கே களை பிடுங்குகிறவரையோ பூ அறுக்கிறவரையோ எடுப்பதற்கு முன் கேளுங்கள். பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மொழி தெரியாவிட்டால் கேமராவைக் காட்டித் தலையசைத்தாலே புரியும்.

வரிசைக்குள் கால் வைக்காதீர்கள். நம் தேயிலையைக் கவாத்து செய்தால் வெறுங்கட்டையிலிருந்தும் துளிர்க்கும். லாவெண்டர் அப்படியல்ல, முற்றிய அடித்தண்டு முறிந்தால் அந்த இடத்தில் பெரும்பாலும் மறுதுளிர் வராது. உள்ளே இறங்கவும் தேவையில்லை. பாதையோரத்தில் மண்டியிட்டுக் கேமராவைப் பூமட்டத்துக்குத் தாழ்த்துங்கள். வரிசைகளுக்கு நடுவே தெரியும் மண் மறைந்து பூக்கள் ஒரே விரிப்பாகும். உச்சி வெயிலில் ஊதா வெளிறிப்போகும். அங்கே ஜூலையில் காலை நான்கு மணி வாக்கிலேயே விடிந்துவிடுவதால், பெரட்டுக்கு, அதாவது விடிகாலை ஆள்கணக்கெடுப்புக்கு, எழுந்த நம் பெற்றோர்களைப்போல் நீங்களும் இருட்டிலேயே எழுந்து கிளம்ப வேண்டும்.

கண்காட்சியில் ஒரு சுவரை நம் தோட்டத்துக்கும் ஒதுக்குங்கள். அந்தச் சுவரிலும் லாவெண்டர் சுவரிலும், படத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் கீழே அவரவர் பெயர் இருக்கட்டும். அம்மாவுக்கு இப்போது 81 வயது. எழுத்துக்கூட்டித் தமிழ் படிப்பார். திறப்பு நாளன்று அவரை அழைத்து வருகிறேன். எழுத்துகளை மட்டும் கொஞ்சம் பெரிதாக அச்சிடுங்கள்.

அன்புடன்,
ரிங்லெட்டிலிருந்து உங்கள் அக்கா