அந்தக் கொள்ளைக்காரி விஷயமாக

அன்புள்ள குட்டிக்கு,

நீ அனுப்பிய நாவலை முடித்துவிட்டேன். பிடித்தது, எரிச்சலும் வந்தது. பதினாறு வயதுப் பெண், ஆண் வேடத்தில், 1720-இல் பஹாமாஸ் தீவுகளின் நாசாவ் துறைமுகத்திலிருந்து கொள்ளைக் கப்பலில் ஏறுகிறாள் என்றால் யாருக்குத்தான் கீழே வைக்க மனம் வரும்? கயிறு இழுத்து உள்ளங்கை கிழிவதும், புயலில் பாயைச் சுருட்ட மேலே ஏறுவதும் அப்படி ஒரு எழுத்து.

அப்புறம் அந்தப் பையன் வருகிறான். வந்ததும் இவளுக்குக் கயிறே மறந்துபோகிறது. சண்டையில் முன்னால் நின்றவள், பின்பாதி முழுக்கக் கதவுக்குப் பின்னால் நின்று அவனுக்காகப் பதறுகிறாள். காதல் கூடாதென்று சொல்லவில்லை. அந்த முத்தக் காட்சியை நானே திருப்பிப் படித்தேன், அப்பாவிடம் சொல்லிவிடாதே. ஆனால் காதல் வந்தால் கை கால் ஓய்ந்துபோகவேண்டுமா?

அதே வருடம், அதே கடலில், ஆன் பானி, மேரி ரீட் என்று நிஜமாகவே இரண்டு கொள்ளைக்காரிகள் இருந்தார்கள். ஆகஸ்டில் ஜாக் ராக்கம் என்ற கொள்ளைத் தலைவனின் கூட்டத்தோடு நாசாவ் துறைமுகத்தில் ஒரு கப்பலைத் திருடிக்கொண்டு போனார்கள். அக்டோபரில் ஜமைக்கா பக்கம் பிடிபட்டார்கள். அவர்களிடம் பொருளைப் பறிகொடுத்த டாரதி தாமஸ் என்ற பெண் நீதிமன்றத்தில் சொன்ன சாட்சியைப் படித்துப் பார். ஆண் சட்டை, நீளக் கால்சட்டை, கையில் துப்பாக்கி. நாளைக்குக் காட்டிக்கொடுத்துவிடுவாள், இவளைக் கொன்றுபோடுங்கள் என்று அந்த இருவரும் ஆண்களைத் திட்டினார்களாம்! தூக்குத் தீர்ப்பு வந்தபோது கர்ப்பமாக இருக்கிறோம் என்றார்கள், தண்டனை தள்ளிப்போயிற்று. மேரி 1721-இல் சிறையிலேயே இறந்துபோனாள்.

நம் கதாநாயகியோ கொள்ளைக்காரி என்று பெயர், ஒருவரிடமும் ஒரு காசு பறித்ததில்லை. ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களைப் பார்க்கிறாள், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்காக ஒரு பத்தி அழுகிறாள், அடுத்த பக்கத்தில் நிலா வெளிச்சம். இளையோர் நாவல்தானே அம்மா என்பாய். உன் பதினாறு வயதில் உன்னிடம் எதையாவது மறைத்து ஜெயித்திருக்கிறேனா நான்?

இரண்டாம் பாகம் இருந்தால் உடனே அனுப்பு. அந்தப் பையனும் வரட்டும், ஆனால் பாய் சுருட்டத் தெரிந்துகொண்டு வரட்டும்.

அம்மா