கடை வாடகைதாரர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஆண்டு விழா நல்லபடியாக நடந்தது. புதிய உறுப்பினர்கள் சிலர் சேர்ந்தார்கள்.

இந்த ஆண்டின் பெரிய வேலை வாடகைக் குறைப்புப் பேச்சுவார்த்தைதான். வியாபாரம் இறங்கிப்போன உறுப்பினர்களோடு உட்கார்ந்து கணக்கெடுத்து, கட்டட உரிமையாளர்களிடம் சேர்ந்து போய்ப் பேசும் குழுவை நான் பொறுப்பேற்று நடத்தினேன். இதில் சங்கத்துக்கு என்ன வேலை என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டவர்களுக்காகச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கஷ்டத்தை மட்டும் சொன்னால் உரிமையாளர் வருத்தப்படுவார், வாடகை குறையாது. ஆகவே மாத விற்பனை, அதில் வாடகைக்குப் போகும் பங்கு, சென்ற ஆண்டு அதே மாதத்தின் நிலை, மூன்றையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போனோம். அப்புறம் அவர் பக்கத்துக் கணக்கையும் போட்டுக் காட்டினோம். ஆண்டு முழுக்க 15 சதவீதம் குறைத்தாலும் அவருக்கு இழப்பு இரண்டு மாத வாடகைகூட இல்லை. கடை காலியாகி 3 மாதம் பூட்டிக் கிடந்தால் ஆண்டு வாடகையில் 25 சதவீதம் போய்விடும். தரகும் பழுதுபார்ப்பும் தனி. பலர் இறங்கி வந்தது இந்த இடத்தில்தான். தயங்கியவர்களிடம், 6 மாதத்துக்கு மட்டும் குறையுங்கள், ஒப்பந்தக் காலத்தை நாங்கள் நீட்டித்துத் தருகிறோம் என்றோம். சிலர் வாடகையைத் தொடாமல், இந்த ஆண்டு ஏற்ற வேண்டியதை ஏற்றாமல் விட்டார்கள். அதுவும் லாபமே.

"அப்புறம் பார்த்துக்கலாம்" என்று உரிமையாளர் சொல்வது குறைப்பு ஆகாது. 2020 பொதுமுடக்கத்தில் அப்படி வாய்வார்த்தையை நம்பியவர்களுக்கு மொத்தமும் பாக்கியாக வந்து நின்றது. எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எவ்வளவு குறைவு, குறைத்த தொகை தள்ளுபடியா ஒத்திவைப்பா என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே நாங்கள் எழுந்து வந்தோம்.

பலிக்காத பேச்சுகளும் உண்டு. மாதக்கணக்கில் வாடகை நின்று, காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த பிறகு நம்மிடம் வந்தால் பேச என்ன மிஞ்சும்? ஒரே கட்டடத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து போனால்தான் பேச்சுக்கு எடை. உரிமையாளரே நேரம் ஒதுக்கிக் காத்திருந்த நாளில் பாதிப் பேர் வரவில்லை. தனியாகப் போய் உயர்ந்த வாடகைக்குத் தலையாட்டியவர்களும் இருக்கிறார்கள். அதே தொகையைத்தான் இப்போது பக்கத்துக் கடையிலும் உரிமையாளர்கள் கேட்கிறார்கள். சங்கத்தின் மூலம் வாடகை குறைந்தவர்களிலேயே சிலர் சந்தா கட்டவில்லை. தலைவர் கேட்டுக்கொண்டதால் பெயர்களை வாசிக்கவில்லை. ஆனால் மனம் நோகிறது.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல். ஒப்பந்தங்களைப் படித்துத் திருத்திக் கொடுத்த வழக்கறிஞரின் கட்டணமே காரணம். அது தேவையான செலவு என்பது என் உறுதியான கருத்து.

தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், குழுவில் உடன் நின்றவர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பலருடைய ஒப்பந்தம் புதுப்பிப்புக்கு வருகிறது. இந்தக் குழுவை நடத்த வேறொருவர் முன்வந்தால் கோப்புகளை இன்றே ஒப்படைக்கிறேன். இல்லையென்றால் நானே தொடர்கிறேன், சரி. ஆனால் என் கடையையும் விட்டுவிட்டுத் தனி ஆளாக ஒவ்வொரு உரிமையாளரிடமும் போய் நிற்க என்னால் முடியாது. ஒப்பந்தம் முடியும் தேதியையும் சந்தா பாக்கியையும் இந்த மாதத்துக்குள் பொருளாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

செயலாளர்