1.4 மைக்ரானில் தெரியும் அந்த மேடு

அன்புள்ள இளங்கோ,

கடிதம் கிடைத்தது. டிராப்பிஸ்ட்-1 என்ற சின்னச் சிவப்பு விண்மீனின் கோள்கள் அதன் முன்னே கடக்கும்போது ஒளி மங்குவதைப் பதிந்த கடப்புத் தரவை எடுத்து வைத்துக்கொண்டு நீயே உட்கார்ந்துவிட்டாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். அலைநீளத்துக்கு எதிராகக் கடப்பின் ஆழத்தை (ஒளி எவ்வளவு மங்குகிறது என்பதை) வரைந்தால் 1.4 மைக்ரானில் ஒரு மேடு தெரிகிறது, கோளின் காற்றிலுள்ள நீராவியாக இருக்குமா என்று கேட்டிருந்தாய். இருக்கலாம். ஆனால் இப்போதைக்கு அதைக் கோளின் கணக்கில் எழுதிவிடாதே. முதலில் விண்மீனைச் சந்தேகப்படு.

நாம் தேடும் சைகை எவ்வளவு சின்னது என்று ஒரு முறை கையாலேயே போட்டுப் பார். மேலே ஏற ஏற அழுத்தம் 2.7-ல் ஒரு பங்காகக் குறையும் உயரம்தான் ஸ்கேல் ஹைட். வெப்பநிலை ஏறினால் அது கூடும்; ஈர்ப்போ மூலக்கூறு எடையோ ஏறினால் குறையும். எச்டி 209458 பி போன்ற சூடான, ஹைட்ரஜன் மிகுந்த கோளில் 500 கி.மீ.க்கு மேல், பூமியில் 8.5 கி.மீ.தான். இதைக் கோளின் ஆரத்தாலும் இரண்டாலும் பெருக்கி, விண்மீன் ஆரத்தின் வர்க்கத்தால் வகு; காற்று அந்த ஆழத்தில் உண்டாக்கும் மாற்றம் கிடைக்கும். எச்டி 209458 பிக்கு 150 பிபிஎம் (பத்து லட்சத்தில் 150 பங்கு) வரும். 2002-லேயே ஹப்பிள் தொலைநோக்கியை வைத்து அங்கே சோடியம் இருப்பதாக அறிவிக்க முடிந்தது அதனால்தான். சூரியனைக் கடக்கும் பூமிக்கு வெறும் 0.2 பிபிஎம். டிராப்பிஸ்ட்-1-இன் ஆரம் சூரியனுடையதில் 0.12 மடங்கு என்பதால் ஏறக்குறைய 70 மடங்கு லாபம். பூமி மாதிரிக் காற்றுக்கு அங்கே 15 பிபிஎம் கிடைக்கும். பாறைக் கோள்களைத் தேடுகிறவர்கள் எல்லோரும் சின்னச் சிவப்பு விண்மீன்களை நோக்கி ஓடுவது இதற்காகத்தான். ஆனால் அவற்றின் முகத்தில்தான் கரும்புள்ளிகளும் அதிகம்.

கடக்கும்போது கோள் மறைப்பது வட்டில் ஒரு கீற்றை மட்டும். ஆழத்தைக் கணக்கிட நாம் வகுப்பதோ முழு வட்டின் ஒளியால். கீற்றில் புள்ளியே இல்லை, மொத்த முகத்தில் 10 சதவீதம் புள்ளி, ஓர் அலைநீளத்தில் புள்ளியின் பிரகாசம் சுற்றுப்பரப்பில் 60 சதவீதம் என்று வைத்துக்கொள். கோள் மறைத்த பகுதி சராசரியைவிடப் பிரகாசமானது. ஆகவே ஆழம் 4 சதவீதம் கூடுதலாகத் தெரியும். டிராப்பிஸ்ட்-1-இன் பி கோளின் ஆழம் 7,000 பிபிஎம்முக்குச் சற்று மேல். அதில் 4 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 290 பிபிஎம். நீ தேடுவது பதினைந்தின் சில மடங்கு! அந்த 60 சதவீதம் எல்லா அலைநீளத்திலும் ஒன்றாக இருந்தால்கூடப் பரவாயில்லை. புள்ளிகள் குளிர்ந்தவை, அவற்றிலேயே நீராவி உண்டு. சூரியப் புள்ளிகளிலேயே நீராவியின் கோடுகளை 1995-இல் அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஆகவே நீராவி உறிஞ்சும் அதே அலைநீளத்தில் புள்ளி இன்னும் இருண்டு, ஆழம் இன்னும் கூடி, கோளில் நீர் இருப்பது போலவே மேடு எழும்பும். 2023-இல் ஜிஜே 486 பி என்ற பாறைக் கோளில் இதே சிக்கல்தான்: நீராவி கோளினுடையதா, விண்மீனுடையதா என்று அந்தத் தரவை மட்டும் வைத்துப் பிரிக்க முடியவில்லை.

பிரிக்க வழி உண்டு. மேட்டை விட்டுவிட்டு 0.6 முதல் 1 மைக்ரான் வரை பார். மறைக்கப்படாத புள்ளிகள் என்றால் நீலப் பக்கம் போகப் போக ஆழம் ஏறும். பிரகாசமான திட்டுகள் என்றால் இறங்கும். வெப் தொலைநோக்கியின் நிரிஸ் கருவி 0.6-இலிருந்தே தொடங்குவதால் இதற்கு வசதி. அடுத்தது, கடப்புகளைச் சராசரி எடுப்பதற்கு முன்னால் தனித்தனியாக ஒப்பிடு. கோளின் காற்று சில வாரங்களில் மாறாது, ஏறத்தாழ 3.3 நாளுக்கு ஒரு முறை சுழலும் விண்மீனின் முகம் மாறிவிடும். பி கோளின் இரண்டு நிரிஸ் கடப்புகள் விண்மீனின் முகத்தால் வரும் கலப்படத்தை, அதாவது கறையை, இரண்டு விதமாகக் காட்டியது நினைவிருக்கும். எச்-ஆல்ஃபா (ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு) ஒளியையும் தனியே நேரத்துக்கு எதிராக வரைந்துவிடு. கடப்பின் நடுவே ஒரு சுடர் வெடித்திருந்தால் அங்கேதான் முதலில் தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடித்த வழி வேறு. டிராப்பிஸ்ட்-1-இன் பி, இ கோள்கள் இரண்டும் அடுத்தடுத்துக் கடக்கும் நேரங்களைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கிறார்கள். பியில் சொல்லும்படியான காற்று இல்லை என்று எடுத்துக்கொண்டால், அதன் நிறமாலையில் தெரிவதெல்லாம் விண்மீனின் கறை. அதை வைத்து இயைத் திருத்தலாம். ஒரே விண்மீன், சில மணி நேர இடைவெளி. அருமையான யோசனை. ஆனால் இரண்டும் வட்டில் ஒரே பாதையில் போவதில்லை என்பதை மறக்காதே.

தரவைச் சுத்தம் செய்வதில் ஒன்றிரண்டு. 1/எஃப் இரைச்சலை (உணரியைப் படிக்கும் மின்னணுவில் மெல்ல அலையும் இரைச்சல்), சேர்ந்துகொண்டே போகும் சைகைக்குச் சரிவு பொருத்துவதற்கு முன்பே, ஒவ்வொரு குரூப்பிலும் (உணரியின் ஒவ்வொரு வாசிப்பிலும்), நிறமாலைத் தடத்தை மூடிவிட்டு நெடுவரிசை வாரியாகக் கழி. பிறகு கழித்தால் முழுதாகப் போகாது. வெள்ளொளி வளைகோட்டிலிருந்து (எல்லா அலைநீளங்களையும் சேர்த்த ஒளி நேரத்தோடு மாறுவது) கடப்பு நேரம், சாய்வு, சுற்றுப்பாதை அளவு மூன்றையும் எடுத்து, எல்லா அலைநீளங்களுக்கும் அதையே நிலையாக வை. விளிம்பு மங்கல் (விண்மீன் வட்டின் ஓரம் நடுவைவிட மங்கித் தெரிவது) எண்களை மட்டும் அட்டவணையிலிருந்து அப்படியே எடுக்காதே. இவ்வளவு குளிர்ந்த விண்மீன்களுக்கு அவற்றை நம்ப முடியாது, தளர்வாக விடு.

கறையை நீக்கிய பிறகும் மேடு நின்றால் அதே மூலக்கூறின் மற்றப் பட்டைகளைத் தேடு: 1.15, 1.9, 2.7 மைக்ரான். கே2-18 பி என்ற கோளில் 2019-இல் ஹப்பிள் தரவில் நீராவி என்று படிக்கப்பட்ட அதே 1.4 மேடு, 2023-இல் வெப் தரவு வந்ததும் மீத்தேனுடையதாக மாறியது. ஒற்றைப் பட்டையை நம்பி எதையும் சொல்ல முடியாது. 4.3 மைக்ரானில் கார்பன் டை ஆக்சைடு கிடைத்தால் எனக்கு நம்பிக்கை கூடும். புள்ளியின் வெப்பத்தில் அது பொருட்படுத்தும் அளவில் தங்காது.

நீ கேட்ட செய்தியும் உண்டு. பாறைக் கோள்கள் விண்மீனுக்குப் பின்னால் மறையும் நேரங்களைப் பார்க்கவே வெப்பில் 500 மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். 2023-இல் பியின் பகல் பக்கம் சுமார் 500 கெல்வின் என்று 15 மைக்ரானில் அளந்தார்களே, அதே முறை. அங்கே புள்ளிகளின் தொல்லை மிகக் குறைவு.

எச்சங்களின் (தரவிலிருந்து மாதிரியைக் கழித்தால் மிஞ்சுவதன்) சிதறல், சேர்க்கும் தரவுப் புள்ளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப எப்படிக் குறைகிறது என்ற படத்தை எனக்கு அனுப்பு. வர்க்கமூல விதிப்படி இறங்காமல் எங்காவது சமதளமாகிவிட்டால் உன் பிழைக்கோடுகளை முதலில் பெரிதாக்க வேண்டியிருக்கும். இரண்டு கடப்புகளையும் சேர்க்காமல் தனித்தனியாக அனுப்பு.

அன்புடன்,
முருகேசன்