மீனாவுக்கு, எம்பாலேயிலிருந்து

எம்பாலே, உகாண்டா
ஆகஸ்டு 12

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் தையில் கல்யாணம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, மீதி இரண்டு பக்கமும் என்னைத் திட்டியிருக்கிறாய். "ஆப்பிரிக்கக் குழந்தைகளைச் சோதனை எலிகளாக்கி ஆராய்ச்சி நடத்துகிற ஊரில் உனக்கு என்ன வேலை?" என்கிறாய். இந்தக் கோபத்தில் மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று எழுதவே மறந்துவிட்டாய், பார்த்தாயா!

என் வேலை ஒன்றும் பெரிதில்லை. ஊரை விட்டுத் தள்ளி ஒரு சிறிய மருத்துவமனை. வரிசையில் காத்திருக்கும் குழந்தைகளில் யாரை முதலில் தூக்கிக்கொண்டு உள்ளே ஓட வேண்டும் என்று நர்சுகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மழை தொடங்கிவிட்டால் மலேரியாதான். முதுகில் துணியால் கட்டியிருக்கும் பிள்ளையைத் தாய் இறக்கும்போதே பாதி தெரிந்துவிடும். உதடு வெளுத்திருக்கும், மூச்சு வயிற்றிலிருந்து இழுக்கும், கை சில்லென்றிருக்கும். நகத்தை அழுத்திவிட்டு, சிவப்பு திரும்பும்வரை எண்ணுவேன்: ஒன்று, இரண்டு, மூன்று. வென்டிலேட்டர் கிடையாது. ஆக்சிஜன் இயந்திரம் கரண்ட் இருக்கும்வரை ஓடும்.

இப்படி ஒரு குழந்தை வந்தால் நம் எம்.டி. நாட்களில் என்ன செய்தோம்? சலைனைத் தள்ளினோம். கிலோவுக்கு 20 மில்லி, போதாவிட்டால் இன்னொரு 20. கட்டைவிரல் மரத்துப்போகும்வரை சிரிஞ்சால் தள்ளியிருக்கிறோம். அது சரியா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நம் பேராசிரியர் வார்டை விட்டே வெளியே அனுப்பியிருப்பார்.

அதை இங்கேதான் கேட்டார்கள். கேத்ரின் மெய்ட்லண்ட் என்ற குழந்தை மருத்துவர் தலைமையில் கென்யாவின் கிலிஃபி, தான்சானியாவின் முஹேசா, உகாண்டாவில் எம்பாலே உட்பட நான்கு இடங்கள், ஆக ஆறு மருத்துவமனைகள். 'ஃபீஸ்ட்' என்று அந்த ஆய்வுக்குப் பெயர். கடும் காய்ச்சலோடு, ரத்த ஓட்டம் குன்றி வந்த 3,141 குழந்தைகள். எண் போட்டு ஒட்டிய உறையைப் பிரித்தால் யாருக்கு எது என்று அதில் இருக்கும்: வேகமாக சலைன், வேகமாக ஆல்புமின் என்ற ரத்தப் புரதக் கரைசல், அல்லது இரண்டும் இல்லாமல் சாதாரண வேகத்தில் டிரிப். மருந்து, ரத்தம், ஆக்சிஜன் எல்லாம் மூன்று பிரிவுக்கும் ஒன்றுதான். பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும்போது எந்தத் தாயிடம் பத்துப் பக்கத் தாளை நீட்டுவது? அந்த நிலையில் முதலில் வாய்மொழியாகச் சம்மதம் கேட்டார்கள். பிள்ளை சற்று நிலைப்பட்ட பிறகு உட்கார்ந்து விளக்கி, முறைப்படி எழுத்தில் வாங்கினார்கள்.

2011 ஜனவரியில் ஆய்வை நடுவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. வேகமாக ஏற்றிய குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் சலைனில் 10.5 சதவீதம், ஆல்புமினில் 10.6. ஏற்றாதவர்களில் 7.3. நூறு குழந்தைக்கு மூன்று பேர் கூடுதலாகப் போயிருக்கிறார்கள், நாம் உயிர்காக்கும் என்று தள்ளிய உப்புநீரால்.

என்னைத் தூங்கவிடாதது இந்த எண்கள்கூட இல்லை, மீனா. முதல் ஒரு மணி நேரத்தில் ஷாக், அதாவது அந்த ரத்த ஓட்டக் குறைவு, தெளிந்த குழந்தைகள் வேகமாக ஏற்றிய பிரிவில்தான் அதிகம்: 43 சதவீதம். மற்றதில் 32. கை சூடாகிறது, நாடி நிமிர்கிறது, டாக்டர் தோளைத் தளர்த்திக்கொள்கிறார். பிறகு ரத்த ஓட்டமே குலைந்து குழந்தை போய்விடுகிறது. நுரையீரலில் நீர் கோத்துத்தான் இறந்திருக்கும் என்று முதலில் நினைத்தார்கள். மரணங்களைக் காரணவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது பெரும்பாலான கூடுதல் மரணங்கள் அப்படி இல்லை. கட்டிலருகே நின்று எத்தனை ஆண்டு பார்த்தாலும் இது கண்ணுக்குத் தெரிந்திருக்காது. தெளிந்த முகத்தைப் பார்த்தவர் ஒருவர், விடியற்காலையில் சான்றிதழ் எழுதியவர் இன்னொருவர்.

உடனே நீ நாளை வரும் டெங்கு குழந்தைக்கு டிரிப்பைக் கழற்றிவிடாதே! வயிற்றுப்போக்கில் வற்றிப்போன குழந்தைகளை இந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. டெங்குவின் கதையும் வேறு. பணக்கார நாட்டு நிபுணர்கள் பலர் இந்த முடிவை எளிதில் ஏற்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டியைத் திருத்தி வெளியிட 2016 ஆயிற்று. அந்த ஐந்து ஆண்டுகளை நினைத்தால் எனக்கும் உன்னைப் போலவே கோபம் வரும்.

சோதனை எலி என்கிறாயே, மலேரியாவுக்குக் குயினைன் போதும் என்றுதான் இங்கே எல்லோரும் இருந்தார்கள். ஒன்பது ஆப்பிரிக்க நாடுகளில் 5,425 குழந்தைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்து, ஆர்ட்டிசுனேட் என்ற இன்னொரு மலேரியா மருந்தில் மரணம் 10.9இலிருந்து 8.5 சதவீதமாகக் குறைந்தது என்று 2010இல் சொன்ன பிறகுதான் ஊசி மாறியது. இதை டெல்லியிலோ லண்டனிலோ கண்டுபிடித்திருக்க முடியாது; குழந்தைகள் சாவது இங்கே. ரத்தம் ஏற்றுவதிலும் அப்படித்தான். உகாண்டாவிலும் மலாவியிலும் கடும் ரத்தசோகையோடு வந்த 3,196 குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 20 மில்லியா 30 மில்லியா என்று பார்த்தார்கள். மொத்தக் கணக்கில் வித்தியாசமே இல்லை. பிரித்துப் பார்த்தால், காய்ச்சல் இல்லாத குழந்தைக்கு 30 நல்லது, காய்ச்சல் உள்ள குழந்தைக்கு 20தான் நல்லது. ரத்தப் பையை மாட்டுமுன் தெர்மாமீட்டரை வை என்கிறேன். என் நர்சுகள் முதலில் சிரித்தார்கள், இப்போது அவர்களே எனக்கு நினைவூட்டுகிறார்கள்.

உன் கோபத்தில் ஒரு பங்கு எனக்கும் உண்டு. ஆய்வு நடக்கும்வரை மருந்து அலமாரி நிறைந்திருந்து, முடிந்ததும் காலியாகிவிட்டால், அது நியாயமில்லை. இதை இங்கே கேட்கிற எல்லோரிடமும் சொல்கிறேன். கேட்காதவர்களிடமும்.

மற்றபடி நலம். வாழைக்காயை வேகவைத்து மசித்து மத்தோக்கே என்று தருகிறார்கள். ரசம் இருந்தால் இன்னும் இறங்கும். அங்கிருந்து வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்ப முடிந்தால் பெருங்காயம் ஒரு டப்பா. தையில் பத்து நாள் விடுப்பு கேட்டிருக்கிறேன், கல்யாணத் தேதியைச் சீக்கிரம் எழுது.

இன்னொன்று. நாம் சேர்ந்து இரவு டியூட்டி பார்த்தபோது மலேரியாவோடு வந்தானே, நான்கு வயதுப் பையன். நீ பாட்டிலைப் பிடித்திருந்தாய், நான் தள்ளினேன். ஒரு மணி நேரத்தில் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டான் என்று நாம் போய் டீ குடித்துவிட்டு வந்தோம். படுக்கை எண் 14 என்பது நினைவிருக்கிறது, பெயர் வரவில்லை. உனக்கு வந்தால் எழுது.

அன்புடன்,
வசந்தா