விடைத்தாள் உன் கையில் இருக்காது

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில், "போகட்டுமா அம்மா?" என்று கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நான்கு நாளாக யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பேச ஆரம்பித்தால் உன் குரலில் இருக்கும் ஆசையைக் கேட்டு இளகிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ மாடலாக இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆரம்பத்தில் இருந்தது, அது உனக்கும் தெரியும். இப்போது இல்லை. நியூயார்க்கில் உன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாடகை கட்டுகிறாய், விடியுமுன் எழுந்து ஷூட்டுக்கு ஓடுகிறாய். அந்த உழைப்பில் நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை. என் கவலையெல்லாம் அந்த ரியாலிட்டி ஷோவைப் பற்றித்தான். மாடல்களை ஒரே வீட்டில் தங்கவைத்து, ஒரு நாள் ரேம்பில் நடக்கவிட்டு, மறுநாள் பொது அறிவுக் கேள்வி கேட்டு, அழகும் அறிவும் சேர்ந்தவர் யார் என்று கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்றாய். கடைசியாக, "எனக்கும் மூளை இருக்கிறது என்று எல்லாருக்கும் காட்டிவிடுவேன்" என்றாய். அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

31 வருஷம் வினாத்தாள் எழுதியவள் நான். நேர்மையான தேர்வு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என்ன பாடத்திலிருந்து கேள்வி வரும் என்று எழுதுபவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பதில் சொல்ல நேரம் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் விட, விடைத்தாளைத் திருத்துபவருக்கு யார் ஜெயித்தாலும் யார் தோற்றாலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மாணவி தப்பாக எழுதினால் எனக்கு லாபம் என்று வந்துவிட்டால், அன்றே நான் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். நீ எழுதப் போகும் தேர்வில் திருத்துபவருக்கு லாபமே தப்பான பதிலில்தான். சரியான பதிலை யாரும் இரண்டாம் முறை போட்டுப் பார்ப்பதில்லை, பாப்பா.

2007 ஆகஸ்டில் 'மிஸ் டீன் யுஎஸ்ஏ' அழகிப் போட்டி மேடையில் 18 வயதுப் பெண் ஒருத்தியிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். அமெரிக்கர்களில் ஐந்தில் ஒருவருக்கு உலக வரைபடத்தில் தங்கள் நாட்டைக் காட்டத் தெரியவில்லையாம், அது ஏன் என்று நினைக்கிறாய் என்பது கேள்வி. எதிரே கூட்டம், கண்ணைக் கூசும் விளக்கு, நேரடி ஒளிபரப்பு. பதற்றத்தில் அவள் வாக்கியங்கள் ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டன. அந்தச் சிறு துண்டை யூடியூபில் கோடிக்கணக்கானவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். அன்று அவள் நான்காம் இடம் பிடித்தாள் என்பதை அவர்களில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? அந்தக் கேலியைத் தாங்க முடியாமல் உயிரை விட்டுவிடலாம் என்று நினைத்த நாட்களும் உண்டு என்று பல வருஷம் கழித்து அவளே சொன்னாள். அதைப் படித்தபோது எனக்கு உன் முகம்தான் கண்முன் வந்தது.

அதே வருஷம் அக்டோபரில் விஎச்1 சேனலில் 'அமெரிக்காஸ் மோஸ்ட் ஸ்மார்ட்டஸ்ட் மாடல்' தொடங்கியது. நீ சொன்ன ஷோவுக்கு இதுதான் முன்னோடி என்று நினைக்கிறேன். ஆண்களும் பெண்களுமாக மாடல்கள், பரிசு 1 லட்சம் டாலர். ஒரு காலத்தில் அதிபர் நிக்சனுக்கு உரை எழுதிக்கொடுத்த பென் ஸ்டைன்தான் தொகுப்பாளரும் நடுவரும். அறிவுக்கு அவர், அழகுக்கு ஃபேஷன் துறையைச் சேர்ந்த மேரி ஆலிஸ் ஸ்டீபன்சன். பெயரைப் பார். 'மோஸ்ட்' போட்டால் 'ஸ்மார்ட்டஸ்ட்' வரக் கூடாது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தேதான் வைத்தார்கள். போட்டியாளர் வாயைத் திறக்கும் முன்பே, இவர்களுக்கு இலக்கணம்கூடத் தெரியாது என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. ஒரு ஆசிரியையாக எனக்கு அது வலித்தது.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் வந்த 'பியூட்டி அண்ட் தி கீக்' இன்னும் வெளிப்படையானது. அழகான பெண்கள் ஒரு பக்கம், படிப்பாளி ஆண்கள் மறுபக்கம். இருவரையும் ஜோடி சேர்த்து, பெண்களிடம் பாடக் கேள்வியும் ஆண்களிடம் நடனமும் கேட்டார்கள். பரிசு 2,50,000 டாலர். நடுவில் ஒரு கோட்டைக் கிழித்துவிட்டு, அந்தக் கோட்டைத் தாண்டுகிறவர்களுக்குக் கைதட்டச் சொன்னார்கள். கோட்டைக் கிழித்தது யார் என்று யாரும் கேட்கவில்லை.

நீ உடனே, "என்னிடம் தப்பான பதில் வராதே அம்மா" என்பாய். அது எனக்கும் தெரியும். உன் இயற்பியல் நோட்டுகள் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கின்றன. ஆனால் ஒரு பழைய கதையைக் கேள்.

1956இல் என்பிசி தொலைக்காட்சியில் 'ட்வென்டி ஒன்' என்று ஒரு வினாடி வினா. அதில் ஹெர்பர்ட் ஸ்டெம்பெல் என்பவர் வாராவாரம் ஜெயித்துக்கொண்டிருந்தார். நல்ல அறிவாளி. ஆனால் கேள்வியும் பதிலும் அவருக்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்தன. அதுகூடப் பெரிதில்லை. அளவு பொருந்தாத உடையைப் போட்டுக்கொள், முடியை ஒட்ட வெட்டிக்கொள் என்று தயாரிப்பாளர் டான் என்ரைட் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். பார்க்க அப்படி ஒரு ஆளாக இருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். பிறகு சார்லஸ் வான் டோரன் என்று ஒருவரைக் கொண்டுவந்தார்கள். படித்த குடும்பம், லட்சணமான முகம், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். நீ தோற்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று ஸ்டெம்பெலிடம் சொன்னார்கள். 1955ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை எது வாங்கியது என்று கேள்வி. அது அவருக்கு மிகவும் பிடித்த படம். பதில் நாக்கு நுனியில் இருந்தது. அதை விழுங்கிவிட்டு, சொல்லச் சொன்ன தப்பான பதிலைச் சொன்னார். தெரிந்த பதிலைத் தெரியாது என்று நாடே பார்க்கச் சொல்ல வேண்டிவந்தால் ஒரு மனுஷனுக்கு எப்படி இருக்கும்? எத்தனையோ பிள்ளைகள் விடை தெரியாமல் அழுததைப் பார்த்திருக்கிறேன். இது அதைவிடக் கொடுமை.

தனக்கும் பதில்கள் முன்பே தரப்பட்டன என்ற உண்மையை 1959இல் வான் டோரன் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். அடுத்த வருஷமே அறிவுப் போட்டிகளில் இப்படி ரகசியமாக உதவுவதும் முடிவை முன்பே தீர்மானிப்பதும் குற்றம் என்று சட்டம் வந்தது. அப்படியென்றால் இப்போது பயமில்லையே என்று தோன்றும். ஆனால் பல போட்டி நிகழ்ச்சிகளின் கடைசியில் ஓடும் பொடி எழுத்துகளைப் படித்திருக்கிறாயா? யாரை வெளியேற்றுவது என்பது தயாரிப்பாளர்களோடும் சேனலோடும் கலந்து பேசி எடுத்த முடிவு என்று அதில் இருக்கும். கேள்விக்குப் பதில் சொல்வது நீ. எலிமினேஷன் அவர்கள் கையில். அப்புறம் எடிட்டிங் வேறு. நீ பத்து நிமிஷம் தெளிவாகப் பேசியதை விட்டுவிட்டு, யோசிப்பதற்காக ஒரு கணம் நிறுத்தியதை மட்டும் எடுத்து ஒட்டினால் போதும்.

இது என் கற்பனை இல்லை. 2006 கோடையில் 'அமெரிக்காஸ் நெக்ஸ்ட் டாப் மாடல்' என்ற மாடல் போட்டி நிகழ்ச்சியில் வேலை செய்த ஒரு டஜன் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். குவிந்து கிடக்கும் காட்சிகளிலிருந்து கதையை உருவாக்குவது நாங்கள்தான், எங்களை எழுத்தாளர்களாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. கடைசியில் வேலையை இழந்தார்கள். அவர்களுக்காக நான் வருத்தப்படுகிறேன். ஆனால் நிஜம் என்று காட்டப்படும் நிகழ்ச்சிக்கும் கதை உருவாக்குகிறவர்கள் உண்டு என்பதை அவர்கள் வாயாலேயே தெரிந்துகொண்டோம்.

அந்த நிகழ்ச்சி அறிவுப் போட்டியே இல்லை. ஆனாலும் 2003இல் அதன் முதல் சீசனில் எலிஸ் சூவெல் என்ற பெண், மருத்துவம் படிக்க நினைத்திருந்தவள், மூன்றாம் இடம் வரை வந்தாள். மூன்றாவது சீசனில் யாயா டகோஸ்டா, பிரவுன் பல்கலைக்கழக மாணவி, இரண்டாம் இடம். இப்போது நல்ல நடிகை. அவளுடைய படிப்பையும் பேச்சையும் அங்கே கர்வம் என்று எடுத்துக்கொண்டார்கள். பதில் தெரியாவிட்டால் பொம்மை, தெரிந்தால் திமிர் பிடித்தவள். இந்த இரண்டுக்கும் நடுவில் உனக்கு எங்கே இடம் இருக்கும் என்று நான்கு நாளாகத் தேடிப் பார்க்கிறேன். கிடைக்கவில்லை.

நல்லதே நடந்ததில்லை என்றும் சொல்லமாட்டேன். 2015இல் அதே நிகழ்ச்சியில் காது கேளாத நைல் டிமார்கோ வென்றார். கிடைத்த புகழைக் காது கேளாத குழந்தைகளுக்காகப் பயன்படுத்துகிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் மனசு நிறைகிறது. அவர் அங்கே போனது தனக்கு மூளை இருக்கிறது என்று யாருக்கும் காட்டுவதற்கு இல்லை.

நீ மட்டும் ஏன் காட்ட நினைக்கிறாய்? இதை யோசிக்கும்போதுதான் என் பங்கு எனக்குத் தெரிந்தது. உனக்குப் பதினேழு வயது. முதல் போட்டோ ஷூட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சந்தோஷமாக ஓடிவந்து சொன்னாய். நான், "இவ்வளவு மார்க் வாங்கிவிட்டு இதற்கா போகிறாய்?" என்றேன். உன் முகம் வாடியதைப் பார்த்தேன், பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன். அழகுக்கும் அறிவுக்கும் நடுவில் அந்தக் கோட்டை டிவிக்காரர்களுக்கும் முன்பே கிழித்தது நான். மன்னித்துவிடு, கண்ணு. இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

எனக்கு நீ எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கும்தான்.

இவ்வளவு சொன்ன பிறகும் போகத்தான் ஆசை என்றால், முடிவு உன்னுடையது. போகக் கூடாது என்று தடுக்கமாட்டேன். ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் காட்டு. உன் குரலையும் காட்சியையும் வெட்டி ஒட்டி எப்படி வேண்டுமானாலும் காட்டலாம் என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது, வெளியே வந்த பிறகு எத்தனை வருஷம் நீ வாய் திறக்கக் கூடாது என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார். நியூயார்க்கில் மாடல்களுக்காக ஒரு சட்டம் 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஏஜென்சி 20 சதவீதத்துக்கு மேல் கமிஷன் எடுக்கக் கூடாது, ஏஐயில் உன் உருவத்தை நகலெடுக்கத் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. டிவி ஒப்பந்தம் வேறு விஷயம்தான், இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள். அதற்காகப் பல வருஷம் போராடியது மாடல்களின் உரிமைக்கான மாடல் அலையன்ஸ் என்ற அமைப்பு. 2012இல் அதைத் தொடங்கிய சாரா ஜிஃப் தானே மாடலாக இருந்தவர், கொலம்பியாவில் படித்தவர். அவருடைய அறிவுக்கு எந்த நடுவரும் மார்க் போடவில்லை, பாப்பா. அதனால் இன்று உனக்கு ஒரு பாதுகாப்பு கிடைத்திருக்கிறது.

ஒப்பந்தத்தின் பக்கங்களைப் படமெடுத்து எனக்கும் அனுப்பு. சனிக்கிழமை இரவு கூப்பிடுகிறேன், வரி வரியாகச் சேர்ந்து படிப்போம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். போன வருஷம் ஒரு ஷூட் முடிந்து வந்து, பளபளக்கும் துணி, இடப்பக்கத்திலிருந்து விளக்கு, தோளை எவ்வளவு திருப்பினால் வெளிச்சம் எங்கே தெறிக்கும், தையல் எப்போது மறைந்துபோகும் என்று, ஒளி வந்து விழும் படுகோணம் வரை கணக்குப் போட்டுச் சொன்னாயே. அன்று ஏதோ வேலையாக இருந்து பாதிதான் காதில் வாங்கினேன். சனிக்கிழமை அதை முதலிலிருந்து சொல். நோட்டும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன்.

உன் அம்மா