மாவைத் தொட மறுத்த மகன்: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

உன் மகனுக்குப் புலன்விளையாட்டு (தொட்டும் பார்த்தும் முகர்ந்தும் புலன்களைப் பழக்கும் விளையாட்டு) காட்டி நேற்றிரவு நீ அனுப்பிய காணொளியை மூன்று முறை பார்த்தேன். கூடத்தில் விரித்த பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் ஒரு பெரிய தட்டு, தட்டு நிறைய நீல நிறம் ஏற்றிய மாவுக் குழம்பு, அதற்குள் பாதி புதைந்த விலங்கு பொம்மைகள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் உன் மகன் இரண்டு கைகளையும் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு அழுகிறான். "ஒன்றரை வயதுப் பிள்ளைகள் எல்லாம் இதில் விளையாடுகிறார்களே, இவன் மட்டும் ஏன் இப்படி அக்கா?" என்று கேட்டிருந்தாய். பல ஆண்டுகள் மழலையர் வகுப்பில் இருந்தவள் என்ற முறையிலும் அவனுக்குப் பெரியம்மா என்ற முறையிலும், தொலைபேசியில் சொல்லித் தீராததை இங்கே எழுதுகிறேன். உன்னைப் போலவே கலங்கி நிற்கும் வேறு தாய்மாரும் படிக்கட்டும் என்று நீ சம்மதித்ததால்தான் இதைப் பொதுவில் வைக்கிறேன்.

அவன் கையைத் தூக்கியதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடாதே. விரல்நுனியிலும் உதட்டிலும் நாவிலும் தொடு உணர்வு மற்ற இடங்களைவிட மிகக் கூர்மையானது. அதனால்தான் கைக்குழந்தைகள் எதையும் வாயில் வைத்து அறிந்துகொள்கிறார்கள். அத்தனை கூர்மையான இடத்தில், முன்பின் அறியாத ஈரமும் பிசுபிசுப்பும் ஒரே நொடியில் வந்து ஒட்டிக்கொண்டால் சில குழந்தைகள் மிரண்டுவிடுகிறார்கள். அழுத்தமான தொடுதல் அவர்களைத் தேற்றும். லேசாக நழுவிச் செல்லும் தொடுதல் கூச வைக்கும். உன் கையில் எறும்பு ஊர்வதையும், அம்மா நமக்குத் தலையை அழுத்தி எண்ணெய் தேய்த்ததையும் அடுத்தடுத்து நினைத்துப் பார், விளங்கும்.

என் தொடக்க ஆண்டுகளில் நான் செய்த தவறு ஒன்றை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. பசையைத் தொட மறுத்த ஒரு சிறுமியின் விரலை நானே பிடித்துப் பசைக்குள் வைத்தேன். தொட்டுப் பார்த்தால் பயம் போய்விடும் என்று உண்மையாகவே நம்பினேன். அதன்பின் பல வாரங்கள் அவள் அந்த மேசைப் பக்கமே வரவில்லை. என்னிடமும் வரவில்லை. ஆகையால் நான் அழுத்திச் சொல்வது இது ஒன்றுதான்: அவன் கையை அவன்தான் நீட்ட வேண்டும், நீ அருகில் அமர்ந்து காத்திருக்க வேண்டும்.

1907 இல் ரோம் நகரத்தின் சான் லொரென்சோ பகுதியில், உழைப்பாளிகளின் பிள்ளைகளுக்காக இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி தம் முதல் குழந்தைகள் இல்லத்தை, அதாவது சிறுவர் பள்ளியைத் தொடங்கினார். அதே அம்மையார் 1939 இல் நம் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததும், போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியதும் நீ கேட்டிருக்கக்கூடும். புலன்களுக்காக அவர் அமைத்த பொருள்களில் ஒரு நுட்பம் உண்டு. நிறத்தைக் காட்டும் பலகைகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம். நிறம் மட்டும் மாறும். அடுக்கும் கட்டைகள் எல்லாம் ஒரே நிறம். அளவு மட்டும் மாறும். ஒரு நேரத்தில் ஒரு குணத்தை மட்டுமே குழந்தையின் முன் நிறுத்துவது அவருடைய வழி. உன் தட்டிலோ குளிர்ச்சி, பிசுபிசுப்பு, பளீரென்ற நீலம், யானை, ஒட்டகச்சிவிங்கி, படம் எடுக்கும் கைப்பேசி எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. அவன் எதைத்தான் முதலில் பார்ப்பான்?

புலன்விளையாட்டு என்று இன்று பெட்டியில் அடைத்து விற்கப்படுவதன் பெரும்பகுதி நம் வீட்டில் பெயரில்லாமல் நடந்துகொண்டிருந்தது. உள்ளங்கையில் முழங்கையை ஊன்றிப் பருப்புக் கடைந்து, விரல் விரலாகச் சோறு ஊட்டி, நண்டு ஊர்வதுபோல் அக்குள் வரைக்கும் விரலால் ஏறிச் சிரிக்க வைப்பாளே பாட்டி, அதைவிடச் சிறந்த தொடுவிளையாட்டை நான் எந்தப் பயிற்சியிலும் கற்கவில்லை. அழுத்தமாகத் தொடங்கி மெல்லிய தொடுதலில் முடிகிறது என்பதைக் கவனி. தூளி ஆடுவதும் தோளில் ஏறுவதும் உடலின் சமநிலை உணர்வை வளர்க்கின்றன. அரிசிச் சம்படத்தைத் தள்ளுவதும் தலையணையை இழுத்துச் செல்வதும் தசைகளையும் மூட்டுகளையும் பழக்குகின்றன. ஐம்புலன்களோடு இந்தச் சமநிலை உணர்வையும் தசை, மூட்டுகளின் உணர்வையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

ஆகவே, அந்தத் தட்டை எடுத்து வைத்துவிட்டு, நாளை ஒரு முருங்கைக்கீரைக் கொத்தோடு தரையில் உட்கார். நீ உன் வேலையாகவே ஆய்ந்துகொண்டிரு, அவனை அழைக்காதே. முதலில் அவன் பார்ப்பான். பிறகு ஓர் இணுக்கை எடுத்து முகத்தருகே கொண்டுபோவான். காம்பின் அடியைப் பிடித்து நீ உருவும்போது இலைகள் முறத்தில் பொலபொலவென்று உதிர்வதைக் கண்டு அவனும் இழுப்பான். இரண்டு இலைதான் வரும், காம்பு பாதியில் ஒடியும். அந்த இரண்டு இலையை விரல்களுக்கிடையே அவன் நசுக்குவான், பச்சை வாசம் எழும், விரல்நுனியில் பச்சை படியும். அவன் விரலைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் கையை நீட்டுகிறானா என்று பார். நீட்டினால் அன்றைய விளையாட்டு நன்றாக நடந்தது என்று பொருள். ஐந்து நிமிடத்தில் எழுந்து போனாலும் குறையில்லை. அந்த வயதில் ஐந்து நிமிடம் நெடுநேரம்.

அவன் தொடுவதற்கெல்லாம் சொல் கொடு. வாழைத்தண்டு வழவழ, தேங்காய் நார் சொரசொர, அப்பளம் நொறுநொறு, வெல்லப்பாகு பிசுபிசு, மண்பானை சிலுசிலு. இத்தகைய இரட்டைச் சொற்கள் தமிழில் ஏராளம். குழந்தைகள் அவற்றை ஆசையோடு பற்றிக்கொள்கிறார்கள், ஏனென்றால் கையில் பட்டதே காதிலும் கேட்கிறது.

பிசுபிசுப்புக்குப் பாலம் கட்டித்தான் போக வேண்டும். உலர்ந்தவற்றிலிருந்து தொடங்கு: அரிசி, ரவை, துணிவகைகள். அடுத்து தண்ணீர், ஒரு டம்ளரும் டபராவும் கரண்டியும் போதும். அதன்பின் ஒட்டாத சப்பாத்தி மாவு உருண்டை. குழம்பாக உள்ளவை கடைசியில். அதையும் முதலில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை டேப்பால் நன்றாக ஒட்டி, வெளியிலிருந்து அழுத்தக் கொடு. பையை மட்டும் அவன் வாயருகே கொண்டுபோகாமல் பார்த்துக்கொள். பிறகு கரண்டியால் கிளறட்டும், பிறகு ஒரு விரல். எப்போதும் பக்கத்தில் ஈரத்துண்டு ஒன்று இருக்கட்டும். வேண்டும்போது துடைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்த குழந்தை துணிந்து தொடுகிறது.

அரிசியை விளையாடக் கொடுப்பதை உன் மாமியார் விரும்பவில்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். இதில் நான் அத்தையின் பக்கம்தான். அரிசியில் கால் படக்கூடாது என்ற மரியாதை அவனுக்கும் வரட்டும். சமையலுக்கு அளந்த அரிசியை முறத்தில் பரப்பி, அவன் அளைந்து முடித்ததும் கழுவி உலையில் போட்டால் ஒரு மணியும் வீணாகாது. அத்தையையே பக்கத்தில் உட்கார வைத்துப் புடைத்துக் காட்டச் சொல். அந்த ஓசை ஒன்றே போதும், அவன் அசையாமல் கேட்பான்.

இனிச் சொல்பவற்றில் விட்டுக்கொடுக்காதே. உன் புலன்விளையாட்டுப் பெட்டியில் வந்திருக்கும் தண்ணீரில் ஊறிப் பருக்கும் வண்ண மணிகளை இன்றே வீட்டை விட்டு அகற்று. விழுங்கினால் குடலுக்குள் பல மடங்கு பருத்து அடைத்துக்கொள்ளும். சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. குழந்தைகளின் விளையாட்டுக்கென்று அவற்றை விற்பதை அமெரிக்காவின் பெரிய விற்பனை நிறுவனங்கள் சில 2023 இறுதியில் நிறுத்திவிட்டன. அந்த வழுவழுப்புதான் வேண்டுமென்றால் குழைய வேகவைத்து ஆறிய ஜவ்வரிசியைக் கொடு. நிலக்கடலை, கொண்டைக்கடலை, புளியங்கொட்டை, சோழி எதுவும் இப்போது ஆகாது. 3 வயதுக்குட்பட்டோரின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிறு உருளை ஒன்றை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் பொருள் தொண்டையை அடைக்கக்கூடும். உருட்டும் மாவில் உப்பை அள்ளிக் கொட்டச் சொல்லும் செய்முறைகளை நம்பாதே. அவன் பிட்டுத் தின்றால் அத்தனை உப்பு ஆபத்து. பச்சை மாவிலும் கிருமி இருக்கலாம் என்பதால் வாயில் போடாமல் பார்த்துக்கொள். கல்லை அரைத்த கோலமாவின் தூசி மூச்சில் போகக்கூடாது. நிறம் வேண்டுமென்றால் பீட்ரூட் சாறு இருக்கிறது. தண்ணீரைப் பொறுத்தவரை, ஐந்து சென்டிமீட்டர் ஆழமே ஒரு குழந்தை மூழ்கப் போதுமானது. அழைப்பு மணி அடித்தால் அவனைத் தூக்கிக்கொண்டு போ, வந்தவுடன் மீதித் தண்ணீரைக் கொட்டு.

மாவை மட்டும் வெறுப்பதற்காக நீ அஞ்ச வேண்டியதில்லை. புல், மணல், பெரும்பாலான உணவுகள், ஆடைகள் என எல்லாவற்றுக்கும் இதே அழுகை மாதக்கணக்கில் தொடர்ந்தாலோ, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல் இருந்தாலோ, வந்த சொற்கள் மறைந்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டு. பல மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் குழந்தை வளர்ச்சியைப் பார்ப்பதற்கென்றே ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. காணொளியில் நான் பார்த்த அவனோ, அழுகைக்கு நடுவிலும் உன் முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். நீ தட்டை நகர்த்தியதும் உன் மடியில் வந்து புதைந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். நம் வீட்டு மரத்துக் கீரையும் பாட்டியின் பழைய முறமும் கொண்டுவருகிறேன். அதுவரை கைப்பேசியில் எதையும் படம் எடுக்காதே.

அன்புடன்,
அக்கா